மணிவிழாவுக்கு ஒரு மரப்பாச்சி ஜோடி: கஜாவில் சாய்ந்த பூவரசு பொம்மையான கணக்கு

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு வீடு. பெற்றோருக்கு மணிவிழா வருகிறது. வெள்ளிக் குத்துவிளக்கும் சட்டம் போட்ட புகைப்படமும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அப்பா அம்மா ஜாடையில் ஒரு மரப்பாச்சி ஜோடி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மரமும் அவர்களிடமே இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது கொல்லையில் சாய்ந்த பூவரசின் அடித்துண்டு அது. மாட்டுக்கொட்டகை ஓரம் பட்டை உரியாமல் கிடந்தது. விழாவுக்கு எட்டு மாதம் இருந்தது. தாராளமான அவகாசம்போலத் தெரியும். அதில் பாதிக்கு மேல் மரம் காய்வதற்கே போய்விடும் என்பதைக் கேட்டு வருகிறவர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பிள்ளைகள் முதலில் ஆசைப்பட்டது செம்மரம்தான். திருப்பதியிலிருந்து வாங்கி வருவதும், கல்யாணச் சீரில் வைத்து அனுப்புவதும், கொலுவில் மற்ற பொம்மைகளுக்கு முன்னால் இடம் பிடிப்பதும் செம்மர ஜோடியே என்பதால் அந்த ஆசையில் நியாயம் உண்டு. ஆனால் செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிற மரம் அது. எங்கிருந்து வந்தது என்பதற்கு வனத்துறைச் சீட்டு இல்லாத கட்டையை எந்தப் பட்டறையும் தொடக்கூடாது. இன்னொரு வேலைச் சிக்கலும் இருக்கிறது. செம்மரத்தின் சிவப்புச் சாயம் பச்சைத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, சாராயச் சேர்மானத்தில் நன்றாகக் கரையும். ஸ்பிரிட் பாலிஷைத் துணியால் தேய்த்தால் துணி சிவந்து, முகத்தின் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சாயம் இறங்கி, கன்னம் திட்டுத்திட்டாக நிற்கும்.

கருங்காலி கேட்கிறவர்கள் இப்போது அதிகம். கடையில் கருங்காலி என்று விற்கும் மாலையிலும் பொம்மையிலும் எத்தனை கறுப்புச் சாயம் ஏற்றியவை என்பதைச் சாராயம் தொட்ட பஞ்சு ஒன்று சொல்லிவிடும். வெள்ளை மரம் வேண்டும் என்றால் வெப்பாலை நல்லது. கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்துக் கடைசல் பொம்மைகளுக்கு அதுதான் மரம். பெரிய உருவங்களுக்கு வாகையும் தூங்குமூஞ்சியும் உண்டு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூரிலும், 2021-இல் பெற்ற கள்ளக்குறிச்சியிலும் இவற்றைச் செதுக்கிய கைகள் ஏராளம். ஒன்பது அங்குலப் பொம்மைக்கு அந்த மரங்களின் நார் முரடு. பூவரசு அப்படியில்லை. வண்டிச் சாமானுக்கும் படகுக்கும் போன மரம், உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் சுருங்காது, வைரம் (முற்றிய உள்மரம்) சாக்லேட் நிறத்துக்குப் போகும். ஹவாய் தீவில் இதே மரத்தை மிலோ என்ற பெயரில் கிண்ணமாகக் குடைகிறார்கள். அதற்கும் மேலே, அந்த வீட்டின் கொல்லையில் நின்ற மரம். நினைவுப்பொருளுக்கு அதைவிடப் பொருத்தம் தேட வேண்டியதில்லை.

கட்டை எடுத்தது

அடித்துண்டின் குறுக்களவு 11 அங்குலம். வெளிச்சுற்றில் 1¼ அங்குலம் வெள்ளை, அதாவது வைரம் ஏறாத வெளிமரம். அதில் உளு பிடித்து, குண்டூசித் தலையளவு துளைகளும் சந்தன மாவு மாதிரி பொடியும் தெரிந்தன. இந்தப் பூச்சிக்கு வேண்டியது வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்து. வைரத்துக்குள் அநேகமாகப் போகாது. அதனால் வெள்ளை முழுவதையும் கழிக்க வேண்டும். தோளில் ஒரு கீற்று வெளிர்நிறம் இருந்தால் அழகாக இருக்குமே என்று விட்டுவைத்தால் பத்து வருடத்துக்குள் அந்தத் தோள் பொடியாகும்.

நடுவில் நெட்டியும் (தண்டின் மையத்தில் ஓடும் மெத்தென்ற பகுதி) அதைச் சுற்றி முக்கால் அங்குலமும் கழிவு. நெட்டி உள்ளே இருக்கும் கட்டை வெடித்தே தீரும். வளையத்தின் சுற்றுவாக்கில் மரம் சுருங்குவது ஆரவாக்கில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெட்டியைச் சுற்றி முழு வட்டமும் இருந்தால் அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் கிடையாது, எங்காவது ஒரு கோடாக வாய் பிளக்கும். கோயில் கடையில் வாங்கிய பொம்மை இரண்டாம் வருடம் உச்சியிலிருந்து முதுகு வரை பிளந்துவிட்டது என்று கொண்டு வருவார்கள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசி நேரம் நெட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும்.

கழிவு போக ஒரு பக்கத்தில் 3½ அங்குலம் வைரம் தேறியது. அதிலிருந்து நீளவாக்கில் அடுத்தடுத்து இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றும் 10 அங்குல உயரம், 3 அங்குல அகலம், 2¼ அங்குலக் கனம். எதிரெதிர்ப் பக்கத்தில் எடுத்தால் ஒன்று கறுத்தும் மற்றது சிவந்தும் போக வாய்ப்பு உண்டு, ஜோடி என்று சொல்லவே முடியாது. பட்டை இருந்த பக்கம் பொம்மையின் முன்பக்கம் என்று குறித்தாயிற்று. அப்படி வைத்தால் நிறக்கோடுகள் மூக்குக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி விரியும். பக்கவாட்டில் வைத்தால் ஒரு கன்னத்தில் மட்டும் வரி விழும். பத்து அங்குலத்தில் கீழ் ஒரு அங்குலம் வைஸில் பிடிக்க மட்டும், கடைசியில் அறுத்துப் போட வேண்டியது. மேலும் கீழும் வெட்டுமுகத்தில் மெழுகு உருக்கிப் பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்கப்பட்டன.

ஏமாற்றிய தராசு

காய்ந்ததா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒரு முறை நிறுத்து எழுதி வைப்பது வழக்கம். எடை நின்றால் மரம் காய்ந்தது என்பது பொதுவான கணக்கு. பெண் உருவத்துக்கான கட்டை புரட்டாசியில் 842 கிராம் இருந்தது. கார்த்திகை நடுவில் 798-க்கு வந்து, மூன்று வாரம் ஒரு கிராம்கூட அசையவில்லை. ஆண் கட்டையும் அதே கதை. தை பிறந்ததும் உளி வைத்தாயிற்று.

உருவம் கோடுகாட்டி, பெருவெட்டு முடிந்த நாலாம் நாள் பெண் உருவத்தின் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கழிவு அங்குலத்தைத் தாண்டி அடிப்பீடத்துக்குள் இரண்டரை நூல் ஏறியிருந்தது. (எட்டு நூல் ஓர் அங்குலம். மர வேலையில் இன்னமும் ஓடுகிற கணக்கு அதுதான்.) ஆண் உருவத்தில் ஒன்றுமில்லை.

கழிவுப் பகுதியில் ஒரு துண்டை அறுத்து நிறுத்தபோது 41 கிராம். சமையல் ஓவனில் 100 முதல் 105 டிகிரியில் எடை நிற்கும்வரை வைத்து எடுத்தால் 35.3 கிராம். குறைந்த 5.7-ஐ 35.3-ஆல் வகுத்தால் 16 சதவீத ஈரம். தையில் காற்று உலர்ந்த வீட்டுக்குள் இருக்க வேண்டியது 12, 13. கார்த்திகையில் தராசு நின்றதற்குக் காரணம் மரம் காய்ந்தது அல்ல. அடைமழையில் காற்றே ஈரமாக இருந்ததால் மரம் விட வேண்டிய ஈரத்தை விட முடியாமல் நின்றது. மழை ஓய்ந்தபின் பெருவெட்டில் உள்மரம் திறந்துகொண்டதும் மிச்ச ஈரம் அவசரமாக வெளியேறியிருக்கிறது. பெண் உருவத்தில் மட்டும் வெடித்ததன் காரணமும் சின்னதுதான். வைஸில் பிடித்து இறுக்கியதில் அதன் அடி மெழுகு உரிந்துவிட்டது, ஆணுக்கு மெழுகு அப்படியே இருந்தது.

டெல்டாவில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு விதியே எடுத்துக்கொள்ளலாம்: ஐப்பசி, கார்த்திகையில் நின்ற எடையை நம்ப வேண்டாம். பொங்கல் கழிந்து இரண்டு வாரம் நிறுத்துப் பார்த்துவிட்டு உளி எடுங்கள். அவசரமானால் துண்டு ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாம், அரை நாள் வேலை.

இரண்டு உருவங்களையும் அவற்றின் செதுக்குச் சில்லுகளோடு சேர்த்துக் காகிதப் பையில் கட்டி மூன்று வாரம் வைத்ததில் மேற்கொண்டு வெடிப்பு ஏறவில்லை. சில்லு ஈரத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும். பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஏற்பட்ட வெடிப்பில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைப்பது சுலபம். அடைத்த இடம் எண்ணெய் குடிக்காமல் வெளுப்பாகக் காட்டிக்கொடுக்கும் என்பதோடு, அடுத்த மழைக்கு மரம் ஊதும்போது அந்த அடைப்பு ஆப்பாக நின்று வெடிப்பை மேலே தள்ளவும் செய்யும். அதனால் வெடிப்பு உள்ள பகுதியையே அறுத்து எடுப்பது என்று முடிவாயிற்று. ஆறு நூல் கனம் இருக்க வேண்டிய அடிப்பீடம் மூன்று நூலுக்கு வந்தது. ஜோடி என்பதால் ஆணுக்கும் அதே அளவு. இது கடைசியில் எழுத்து வேலையை மொத்தமாக மாற்றியது.

வாகு

சிற்ப நூல் கணக்கில் நவதாலத்துக்கு 108 பங்கு, உத்தம தசதாலத்துக்கு 124 பங்கு என்று தெய்வ உருவங்களுக்கு அளவு உண்டு. மரப்பாச்சி அந்தக் கணக்குக்குள் வராது. தலை பெரிசு, கால் குட்டை, மொத்தம் ஐந்து தலை உயரம். இங்கே ஆண் உருவம் அடிப்பீடம் நீங்கலாக 66 நூல்: தலை 13, கழுத்து 3, தோளிலிருந்து இடுப்பு 18, இடுப்பிலிருந்து பாதம் 32. பெண் உருவம் நாலு நூல் குறைவு, தலை மட்டும் அதே 13. தோள் அகலம் 22 நூல், தொந்திக் கனம் 15.

முழங்கை மடங்கி, முன்கை உடம்போடு ஒட்டி, கைகள் வயிற்றருகே நிற்பதுதான் மரப்பாச்சியின் வாகு. பழைய ஆட்களுக்குக் கை செதுக்கத் தெரியாமல் இப்படி விட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நார் ஓட்டத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். கட்டையில் நார் நெட்டுக்குத்தாக ஓடுகிறது. கால், உடம்பு, மேல்கை எல்லாம் நாரோடு போகின்றன. முன்கை மட்டும் நாருக்குக் குறுக்கே. அதை உடம்பிலிருந்து பிரித்தால் அரை அங்குல நீளமுள்ள குட்டை நார்களின் அடுக்குதான் மிஞ்சும். விரலால் நெருடினாலே பிஸ்கட் போல முறியும். குழந்தை கையில் விழுந்து எழப்போகும் பொருளுக்கு அந்த வாகு அறிவோடு வைத்தது. முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வெளிச்சம் வேண்டுமென்றால் மேல்கைப் பக்கம் மட்டும் 3 மி.மீ. துளை இரண்டு போட்டு, நடுவைச் சின்ன உளியால் சேர்த்து ஒரு சந்து திறக்கலாம். இந்த ஜோடியில் அதற்கு மேல் போகவில்லை.

பிள்ளைகள் தந்த பட்டியலில் இருந்தவை: அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி, மீசை, கக்கத்தில் குடை, அம்மாவுக்குக் கொண்டை, மூக்குத்தி, கொசுவம். குடையும் கண்ணாடியும் முதல் பேச்சிலேயே கழிந்தன. ஒரு நூல் கனமுள்ள கண்ணாடிச் சட்டத்தைச் செதுக்கலாம், நிற்காது. கண்ணைச் சுற்றிக் கீறினால் ஆந்தை. மூக்குத்திக்குப் பித்தளை முனை வைக்கலாம். இரும்பு ஆணி கூடாது, வைர மரத்தின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் சுற்றிலும் மை போலக் கறுக்கும். ஈரத்தோடு இரும்புக் கம்பளி போட்டுத் தேய்ப்பதும் இதே காரணத்தால் தவறு.

உளி வேலை

வேண்டியவை அதிகமில்லை. 1 அங்குலம், ½ அங்குலம், ¼ அங்குலம் என மூன்று தட்டை உளி, ¾-உம் ⅜-உம் குழியுளி, ஒரு வி வடிவ உளி, குட்டிக் கத்தி, வில் ரம்பம், அரைவட்ட அரம், புளியங்கட்டையில் செய்த கொட்டாப்புளி. பூவரசு வைரத்துக்கு உளி முனைக் கோணம் 25-லிருந்து 30 டிகிரி. 20-க்குக் கூராக்கினால் கணு பட்ட இடத்தில் முனை மடங்கும். எண்ணெய்க்கல்லில் தீட்டியபின் தோல் பட்டையில் பத்துத் தரம் இழுத்துவிட வேண்டும். குறுக்கு நாரில் வெட்டிய இடம் பளபளவென்று வந்தால் கூர் சரி. வெளிறிய கோடு கோடாக வந்தால் நார் நசுங்குகிறது, மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

அட்டையில் முன்னுருவும் பக்கவாட்டு உருவும் வெட்டி, கட்டையின் நாலு பக்கமும் மூலைமட்டம் வைத்து நடுக்கோடு போட்டுத் தொடங்குவது. நடுக்கோடு உளியில் அழிந்தால் உடனே திரும்பப் போட வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்ட பொம்மைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். முதலில் பக்கவாட்டு உருவை அறுத்து, அப்புறம் முன்னுரு. தாடைக்குக் கீழே, முழங்கைக்குக் கீழே, கொசுவ முனையில் ரம்பத்தால் நிறுத்துவெட்டுப் போட்டு, அதை நோக்கி உளியைச் செலுத்தினால் வேண்டாத இடத்தில் சில்லு பெயராது. எப்போதும் பருத்த இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்கு வெட்டு. இடுப்புக்கு மேலிருந்தும் இறங்கலாம், கீழிருந்தும் ஏறலாம். இரண்டும் சந்திக்கிற இடத்தில் உளியைத் தூக்கிவிட வேண்டும், தாண்டினால் நாருக்குள் புகுந்து பிளக்கும்.

கொசுவம் நாரோடு ஓடுவதால் வி உளியால் சுகமாக வரும். ஆனால் நேர்க்கோடாக ஓட்டினால் நாரே உளியை இழுத்துக்கொண்டு போகும், அதனால் தட்டாமல் இரு கையாலும் பிடித்து மெல்லத் தள்ளுவது. புடவைத் தலைப்பு தோளில் ஏறும் வளைவில் நார் திரும்புகிறது. அங்கே பெண் உருவத்தில் இரண்டு முறை சில்லு தெறித்தது. ஒன்று கரையோடு போயிற்று, கரையையே அரை நூல் உள்ளே தள்ளிச் சரிசெய்தாயிற்று. மற்றதைத் தேடி எடுத்து அதே இடத்தில் பசை வைத்து ஒட்டியது. தெறித்த சில்லு அதே நாரில் உட்காரும்போது கோடே தெரியாது. தரையைக் கூட்டாமல் வைத்திருப்பதன் லாபம்.

ஜாடை

முகத்தில் மூக்குத்தான் உச்சம். மூக்கின் தண்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு, இரு பக்கமும் கன்னத்தைச் சரித்து, கண்குழி இறக்கி, வாய்க்கு மேடு விட்டு, தாடையில் முடிப்பது. கண் கடைசி. தலையை எப்போதும் ஒரு நூல் பெரிதாக விட்டு வைப்பது இதற்குத்தான்: மரத்தில் திருத்தம் என்பது உள்ளே போவது மட்டுமே, வெளியே வர வழியில்லை.

முகம் அரைவாசியில் இருந்தபோது எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சொன்னது: “அப்பா ஜாடையே வரலையே, கன்னம் ஒட்டினாப்ல இருக்கணும்.” இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கன்னத்தைக் குறைத்தால் தலை குறுகும். தலை குறுகினால் கழுத்து தடிக்கும். கழுத்தைக் குறைத்தால் தோள் பாரமாகத் தெரியும். ஒரு நூல் மிச்சமும் தீர்ந்தபின் ஐந்து தலை உயரம் ஆறு ஆகிவிடும், மரப்பாச்சியும் இல்லை, அப்பாவும் இல்லை. 13 நூல் தலையில் கண்ணின் நீளம் இரண்டு நூல். அந்த இடத்தில் ஒரு மனிதரின் முகத்தைக் கொண்டுவரப் பார்ப்பது வீண்.

முகத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் புகைப்படங்களில் ஆட்கள் நிற்கும் விதத்தைப் பார்த்தபோது விடை கிடைத்தது. எந்தப் படத்திலும் அப்பாவின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வேட்டிக் கட்டுக்கு மேலே தொந்தி மடிகிறது. அம்மாவின் கொண்டை நடுவில் இல்லை, வலப்புறம் தாழ்ந்து கழுத்தோடு ஒட்டியிருக்கிறது. இடது தோளை ஒரே ஒரு நூல் இறக்கி, வேட்டி மடிப்புக்கு மேலே குழியுளியால் ஒரு வளைவு ஓட்டி, கொண்டையை இடம் மாற்றியாயிற்று. கொண்டைக்குப் பின்தலையில் நிறைய மரம் விட்டு வைத்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. மீசை அரை நூல் மேடு. அடுத்த படம் போனதும் கன்னத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, பேத்தி மட்டும் “தாத்தா முதுகு” என்றாளாம். முகத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைத் தோளுக்கும் இடுப்புக்கும் கொடுத்தால் ஜாடை தானே வருகிறது. ஆள் யார் என்பதை வீட்டார் தூரத்திலிருந்து அடையாளம் காண்பது அப்படித்தான்.

பெண் உருவத்தின் இடக் கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு கடைசி வெட்டில் வெளிப்பட்டது. பூவரசில் இது சகஜம். சுரண்டினால் இன்னும் அகலமாகும். எண்ணெய் ஏறினால் சுற்றுமரமும் கறுத்து வித்தியாசம் பாதியாகும் என்று சொல்லி விட்டுவைக்கப்பட்டது.

எழுத்தும் பீடமும்

விழா நாளும் ‘மணிவிழா’ என்ற சொல்லும் அடிப்பீடத்தின் முன்விளிம்பில் வருவதாக இருந்தது. விளிம்பு மூன்று நூலுக்குச் சுருங்கியதும் அதில் எழுத்து நிற்காது. அடியில் வெட்டலாம் என்றால் அது வெட்டுமுகம், நுணுக்க எழுத்து அங்கே உதிரும். ஆகவே அதே அடித்துண்டில் மிஞ்சிய வைரத்தில் 9 அங்குலம் நீளம், 3½ அங்குலம் அகலம், ¾ அங்குலக் கனத்தில் தனிப் பலகை எடுத்து, அதன் மேல் இருவரையும் நிறுத்துவது என்று மாறிற்று. பார்க்கப்போனால் இது முதல் திட்டத்தைவிட நல்லது, முதலிலேயே இப்படி யோசித்திருக்கலாம்.

பலகையில் நார் கிடையாக ஓடுகிறது, பொம்மையில் நெட்டுக்குத்தாக. மழைக்காலத்தில் பொம்மையின் அடி விரியும், பலகை நீளவாக்கில் அசையாது. இரண்டு ஆணி போட்டு இறுக்கினால் பொம்மையின் அடி இரண்டு ஆணிக்கும் நடுவில் பிளக்கும். ஒவ்வொரு உருவத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மர ஆணி, 8 மி.மீ. குறுக்களவு, பொம்மைக்குள் ¾ அங்குலம், பலகைக்குள் ½ அங்குலம். பொம்மைப் பக்கம் மட்டும் பசை. பலகைப் பக்கம் பசை இல்லாமல் செருகுவது. கொலுவுக்குப் பட்டு கட்டிவிட வேண்டும் என்றால் தூக்கி எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தின் சுழி மர எழுத்துக்குச் சோதனை. ‘ணி’-யில் சுழிக்குள் மாட்டுகிற தீவு போன்ற மரத்துணுக்கு வி உளி சுற்றி வரும்போதே பெயரும். ‘ழா’-வின் கீழ்ச்சுழியும் அப்படித்தான். எழுத்து உயரம் 8 மி.மீ.-க்குக் குறைந்தால் முயலவே வேண்டாம், இங்கே 12 வைக்கப்பட்டது. வெட்டும் முன் பலகையில் அரக்குக் கரைசல் ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவிட்டால் நார் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சுழிகளை வி உளியால் ஓட்டாமல், வளைவுக்கு ஏற்ற சின்னக் குழியுளியை நிமிர்த்தி அழுத்தி, உள்வட்டம் முதலில், வெளிவட்டம் பிறகு, நடுச்சில்லைக் கத்தி முனையால் நெம்புவது. தேதியின் 1, 4, 7 போன்ற நேர்க்கோட்டு எண்கள் ஐந்து நிமிட வேலை. பெயர் வெட்ட வேண்டாம் என்று சொன்னதில் பிள்ளைகளுக்கு முதலில் மனமில்லை. ஜோடியைப் பார்த்து யார் என்று தெரியாதவருக்குப் பெயர் எதற்கு என்ற கேள்விக்கு மூத்தவர் ஒப்புக்கொண்டார்.

மெருகு

முகத்தில் உப்புத்தாள் படக்கூடாது. உளி விட்ட சின்னச் சின்ன பட்டைகளில்தான் வெளிச்சம் விழுந்து முகம் உயிரோடு தெரியும். தேய்த்தால் சோப்பில் வார்த்ததுபோல மழுங்கும். முதுகு, வேட்டிப் பரப்பு, பலகையின் மேல்தளம் ஆகியவற்றைப் புது கண்ணாடிச் சில்லால் சுரண்டி, 180, 240, 320 வரிசையில் நாரோடு மட்டும் தேய்த்தால் போதும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை 320-ஆல் எடுப்பது.

தேங்காய் எண்ணெய் தடவுவது வீட்டு வழக்கம், நல்ல வழக்கம் இல்லை. அது உலராது. தூசி ஒட்டும், நாளாவட்டத்தில் சிக்கு வாடை வரும். உலரும் எண்ணெய் ஆளி விதையுடையது. கடையில் ‘பாயில்டு’ என்று விற்பதில் சீக்கிரம் உலர உலோக உப்பு சேர்க்கிறார்கள். பேரக்குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய பொருள் என்பதால் சேர்மானம் இல்லாத பச்சை ஆளி எண்ணெய் எடுக்கப்பட்டது. நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு, எடைக் கணக்கில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கியது. நேரடி அடுப்பில் கூடாது. துணியில் மெல்லிசாக ஒரு பூச்சு, அரை மணி கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைப்பது, பத்து நாள் காற்றோட்டத்தில். தடித்துப் பூசினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் உலரும்போது சூடு வெளிவிடும், சுருட்டிய துணி தானே தீப்பிடித்த பட்டறைகள் உண்டு. விரித்துக் காயப்போடவும், அல்லது தண்ணீரில் முக்கிவிடவும்.

கட்டை எடுத்து ஆற வைத்த மாதங்கள் போக, இரண்டு உருவங்களுக்கும் பலகைக்கும் சேர்ந்து பிடித்த கைவேலை இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எழுத்துக்கு மட்டும் அதில் ஒன்றரை நாள். விலை சொல்லும்போது பலரும் எழுத்தை இனாம் வேலையாகக் கணக்கு வைக்கிறார்கள், அது சரிப்படாது.

ஒப்படைத்தபோது கொடுத்த குறிப்பு இவ்வளவுதான். பரணில், அதுவும் ஓட்டுக்கோ ஆஸ்பெஸ்டாஸுக்கோ நேர் கீழே வைக்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி அலமாரியில் வைக்கவும். வருடம் ஒருமுறை கொலுவுக்கு எடுக்கும்போது பலகைக்கு அடியில் மாவு கொட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். கொட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காமல் விடவும். உடனே பிரித்தால் குளிர்ந்த மரத்தின் மேல் நீர்த்துளி கோத்துக்கொள்ளும். மர ஆணி மழைக்காலத்தில் பலகையில் இறுகி வராவிட்டால் திருகி இழுக்காதீர்கள், தை வரைக்கும் விட்டுவிட்டால் தானே தளரும்.